பிரஷர் மாத்திரையால் வறட்டு இருமல் வருமா? நான்கு மாதமாகத் தூக்கமில்லை

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. எனக்கு வயது 47. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை. பதினாறு வருடமாக இதே வேலைதான். பெரிய நோய் என்று இதுவரை படுத்ததில்லை.

பொங்கல் கழிந்து கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். வரிசையில் நின்று கையை நீட்டினேன், 164/102 என்றார்கள். அடுத்த வாரம் வேறொரு நாளில் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே அளவு. நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டர் ராமிப்ரில் 2.5 எழுதிக் கொடுத்தார், அப்புறம் அதை 5 ஆக்கினார். பிரஷர் நன்றாக இறங்கி 130/84-க்கு வந்தது. எனக்கு அதில் அவ்வளவு நிம்மதி. என் அம்மா பிரஷரைக் கவனிக்காமல் விட்டு 58 வயதில் பக்கவாதம் வந்து படுத்தவர். ஆறு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். அதனால் ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை.

மூன்றாவது வாரம் இருக்கும், தொண்டைக் குழியில் ஒரு நமைச்சல் ஆரம்பித்தது. கோழி இறகை விட்டு உள்ளே வருடுகிற மாதிரி. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. இருமினால் எதுவும் வெளியே வராது, ஆனால் நிற்கவும் நிற்காது. பேச ஆரம்பித்தால் வரும். இரவு படுத்தால் இன்னும் மோசம். இரண்டு மணிக்கு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். விலா எலும்பெல்லாம் வலிக்கிறது.

முதலில் எல்லோரும் பஞ்சுத் தூசி என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது, பிசிறும் பஞ்சும் பறக்கிற இடம்தானே. முகக்கவசம் போட்டுப் பார்த்தேன், ஒரு வாரம் லீவு போட்டும் பார்த்தேன். வீட்டிலிருந்தும் அதே இருமல். வேறொரு டாக்டரிடம் போனேன். அலர்ஜி என்று மாத்திரையும் சிரப்பும் கொடுத்தார். கேட்கவில்லை. ஐந்து நாள் ஆன்டிபயாடிக். கேட்கவில்லை. நெஞ்செரிச்சலாக இருக்கலாம் என்று வெறும் வயிற்றில் போடும் மாத்திரை ஒரு மாதம். அதுவும் கேட்கவில்லை. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாகிவிட்டது. காசநோய் இல்லை, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் டேபிளில் என் பக்கத்தில் நிற்கிறவர்கள் தள்ளி நிற்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டு வைத்தியமும் விடவில்லை. மிளகு பனங்கற்கண்டுப் பால், தூதுவளை ரசம், சித்தரத்தை. இரண்டு மாதமாக தினமும் அதிமதுரக் குச்சியை வாயில் அடக்கிக்கொள்கிறேன். இரவு அதிமதுரப் பொடியைக் கஷாயம் வைத்தும் குடிக்கிறேன். அடக்கியிருக்கும் வரை கொஞ்சம் இதமாக இருக்கிறது, அவ்வளவுதான். போன வாரம் பிரஷர் பார்த்தால் 150/94 என்று மறுபடி ஏறியிருக்கிறது. தூக்கமில்லாததால் இருக்கும் என்று நினைத்தேன்.

இன்னொன்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, முகம் தெரியாதவர்கள் என்பதால் சொல்கிறேன். பலமாக இருமும்போது சிறுநீர் கசிந்துவிடுகிறது. வேலைக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு போகிறேன். வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

நேற்று டேபிளில் ஒரு அக்கா, தன் தம்பிக்கு பிரஷர் மாத்திரையால் இருமல் வந்தது, மாத்திரையை மாற்றியதும் நின்றுவிட்டது என்றார். பிரஷர் மாத்திரைக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்? அப்படி உண்டா? உண்டென்றால் நாளையிலிருந்து நிறுத்திவிடட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாறு எழுதியது:

சகோதரி, உண்டு. எனக்கே வந்தது. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அதைச் சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

எனக்கு எனலாப்ரில் கொடுத்திருந்தார்கள். உங்களுக்கு வந்த அதே வறட்டு இருமல். யாரோ சொன்னதைக் கேட்டு நானே மாத்திரையை நிறுத்தினேன். மூன்று வாரத்தில் இருமல் போய்விட்டது. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று டாக்டரிடம் திரும்பிப் போகவில்லை. பிரஷர் இருப்பது உடம்புக்குத் தெரியாது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. குறுவை அறுவடை நேரத்தில் களத்தில் நிற்கும்போது தலை பிளக்கிற வலி, கண் மங்கல். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது 210/120. நான்கு நாள் படுக்கையில் இருந்தேன். பிழைத்தது கடவுள் புண்ணியம்.

இப்போது லோசார்டன் சாப்பிடுகிறேன். ஆறு வருடம் ஆகிறது, இருமல் இல்லை. உங்கள் அம்மா கதையைப் படித்ததும் மனது கேட்கவில்லை. நாளைக்கே அந்த முதல் டாக்டரிடம் போங்கள். மாத்திரை மாறுகிற நாள் வரை இதைச் சாப்பிடுங்கள்.

மருந்துச்சீட்டு எழுதியது:

அம்மா, அரசு மருத்துவமனை மருந்தகத்தில் 31 வருடம் மருந்து கொடுத்தவன் நான். ஓய்வு பெற்று மதுரையில் இருக்கிறேன். டாக்டர் இல்லை, முடிவு எடுக்க வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். ஆனால் நீங்கள் சொல்லும் கதையை அந்த ஜன்னல் வழியாக நூறு தடவையாவது கேட்டிருப்பேன். சிரப் வாங்க வந்து இருமிக்கொண்டே நிற்பார்கள். "வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் பையிலிருந்து ஒரு அட்டை வெளியே வரும்.

அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விடுங்கள். கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். அது "ப்ரில்" என்று முடிந்தால் இந்த இருமலுக்கு இடமுண்டு. ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் எல்லாம் ஒரே குடும்பம். இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரைகளிலும் இது ஒளிந்திருக்கும். இந்தக் குடும்ப மருந்து எடுக்கும் 100 பேரில் 5 முதல் 20 பேர் வரை இருமல் வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சிலருக்கு முதல் நாளே வரும், சிலருக்கு மாதங்கள் கழித்து வரும். உங்களுக்கு மூன்றாவது வாரம் வந்தது என்பது அப்படியே பொருந்துகிறது.

தொண்டைக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நம் உடம்பில் ஒரு நொதி இருக்கிறது, நுரையீரலின் ரத்தக் குழாய்களில் நிறைய உண்டு. அதற்கு இரண்டு வேலை. ஒன்று, ரத்தக் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை உண்டாக்குவது. இன்னொன்று, குழாயைத் தளர்த்தும் பிராடிகைனின் என்ற பொருளை உடைத்து அழிப்பது. ப்ரில் மருந்து அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. இறுக்கும் பொருள் குறைகிறது, பிரஷர் இறங்குகிறது. ஆனால் பிராடிகைனினை உடைக்க ஆளில்லாமல் அது மூச்சுக்குழாயில் தேங்குகிறது. அங்குள்ள நரம்பு முனைகளைக் கூசவைக்கிறது. அதுதான் உங்கள் கோழி இறகு. சளியோ கிருமியோ இல்லாததால்தான் சிரப்பும் ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை.

இந்த மருந்து பிறந்த கதையே பிராடிகைனினில்தான் தொடங்குகிறது. பிரேசிலில் ஜராராக்கா என்று ஒரு விரியன் பாம்பு உண்டு. அது கடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்துவிடும். அதன் விஷத்தில் பிராடிகைனினை அழியவிடாமல் காக்கும் பொருள் இருப்பதை செர்ஜியோ ஃபெரேரா என்ற பிரேசில் விஞ்ஞானி 1965-இல் எழுதினார். அந்த வழியைப் பிடித்துப் போய் டேவிட் குஷ்மன், மிகேல் ஒண்டெட்டி என்ற இருவர் கேப்டோப்ரில் என்ற முதல் மாத்திரையைச் செய்தார்கள். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு எத்தனையோ இதயங்களையும் சிறுநீரகங்களையும் காப்பாற்றிய மருந்து இது. கெட்ட மருந்து என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சிலருடைய தொண்டைக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவே.

சரி, என்ன செய்வது? ராமிப்ரிலுக்குப் பதில் எனலாப்ரில் என்று மாற்றினால் பெரும்பாலும் பயனில்லை, அதே குடும்பம். அளவைக் குறைப்பதும் பொதுவாக உதவாது. "சார்டன்" என்று முடியும் இன்னொரு குடும்பம் இருக்கிறது: லோசார்டன், டெல்மிசார்டன், ஓல்மிசார்டன். இவை அந்த நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் இடத்தை மட்டும் அடைக்கின்றன. ராமிப்ரிலையும் டெல்மிசார்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 25,620 பேரிடம் நடத்திய ஆன்டார்கெட் என்ற ஆய்வு 2008-இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் தடுப்பதில் டெல்மிசார்டன் ராமிப்ரிலுக்குச் சளைக்கவில்லை. இருமலால் மருந்தை நிறுத்தியவர்கள் ராமிப்ரிலில் 4.2 சதவீதம், டெல்மிசார்டனில் 1.1 சதவீதம். அம்லோடிபின் போன்ற வேறு வகைகளும் உண்டு, அதில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். உங்களுக்கு எது என்பதை டாக்டர் சொல்வார்.

மாற்றிய மறுநாளே இருமல் நிற்காது. ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட. இதைத் தெரியாமல் "மாற்றியும் போகவில்லையே" என்று ஒரே வாரத்தில் மனம் உடைந்து வருகிறவர்கள் உண்டு.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. அதிமதுரத்தை இன்றே நிறுத்துங்கள். அதிலுள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். எப்போதாவது ஒரு துண்டு என்றால் பரவாயில்லை. இரண்டு மாதம் தினமும் குச்சி, மேலே கஷாயம் என்றால் அது மருந்தின் அளவு. உங்கள் 150/94-க்குத் தூக்கமின்மை ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் எனக்குச் சந்தேகம் அதிமதுரத்தின் மேல்தான். மாத்திரை இருமலைக் கொடுக்கிறது, இருமலுக்கு எடுத்தது மாத்திரையின் வேலையைக் கெடுக்கிறது. இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூக்கடைப்பு மருந்து கலந்த சளி சிரப்புகளும் பிரஷரை ஏற்றக்கூடியவை. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் அப்படித்தான்.

இருமலுக்குப் பார்த்த இரண்டாவது டாக்டரிடம் ராமிப்ரில் சாப்பிடுவதைச் சொன்னீர்களா? எழுதியதைப் பார்த்தால் சொல்லவில்லை என்று படுகிறது. பிரஷருக்கு ஒருவர், இருமலுக்கு ஒருவர் என்று போகும்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் இல்லாமல் போகிறது. அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள். அதே பிராடிகைனின்தான் அதையும் செய்யும். அரிதானது, ஆனால் மூச்சை அடைக்கும். அப்போது அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

நொய்யல்கரை எழுதியது:

ஐயா, படித்ததும் அழுகை வந்துவிட்டது. நீங்கள் சொன்னது சரி, இரண்டாவது டாக்டரிடம் பிரஷர் மாத்திரை பற்றிச் சொல்லவே இல்லை. அவரும் கேட்கவில்லை. இருமலுக்கு வந்திருக்கிறோம், இதை எதற்குச் சொல்வது என்று நினைத்தேன். அதிமதுரம் நாட்டு மருந்து, கெடுதல் செய்யாது என்றுதான் இருந்தேன். டப்பாவை எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன். நாளை மாலை ஷிப்ட் முடிந்ததும் போகிறேன்.

தேரிக்காடு எழுதியது:

தங்கச்சி, அந்தக் கசிவு பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆண்கள் சொல்லத் தயங்கியிருப்பார்கள்.

எனக்கு 56 வயது, மூன்றும் சுகப்பிரசவம். எனலாப்ரில் இருமல் வந்த ஐந்து மாதமும் உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. பிரசவத்தில் தளர்ந்த இடம், இருமும் அழுத்தம் தாங்காமல் கசிகிறது என்று லேடி டாக்டர் விளக்கினார். இந்த மாத்திரை இருமலில் பெண்களுக்கு இது நடப்பது தெரிந்த விஷயம்தானாம். நான் ஏதோ கர்ப்பப்பை இறங்கிவிட்டது என்று பயந்து கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்தியிருந்தேன். நாசரேத்தில் என் சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. இன்றும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

மாத்திரை மாற்றி இருமல் நின்றதும் முக்கால்வாசி சரியானது. மீதிக்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். சிறுநீரை அடக்குவது போல அடிவயிற்றுக்குக் கீழே இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், யாருக்கும் தெரியாது. நீங்கள் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே செய்யலாம். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள் தங்கச்சி, இது மறைக்கிற விஷயமில்லை.

ஏரிக்கரை எழுதியது:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ப்ரில் மாத்திரை சாப்பிடுபவருக்கு வரும் இருமல் எல்லாமே மாத்திரை இருமல் இல்லை.

என் அப்பா மாரடைப்பு வந்து ராமிப்ரிலில் இருந்தார். இருமல் வந்ததும் நானே இணையத்தில் படித்துவிட்டு மாத்திரைதான் காரணம் என்று முடிவு கட்டினேன். ஆனால் அவருக்குப் படுத்தால் மூச்சு வாங்கியது, இரண்டு தலையணை கேட்டார். மாலையில் காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. ஒரே வாரத்தில் எடை மூன்று கிலோ கூடியிருந்தது. இதையெல்லாம் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சேலத்தில் இதய டாக்டர் பார்த்து, நுரையீரலில் நீர் சேர்கிறது, இதயம் தளர்ந்திருக்கிறது என்றார். நீர் பிரியும் மாத்திரை சேர்த்ததும் இருமல் அடங்கியது. ராமிப்ரிலை நிறுத்தவே இல்லை. அவர் இதயத்துக்கு அது வேண்டியிருந்தது.

அக்கா சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் முதலில் எடுத்தது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் நம் நாட்டில் காசநோய் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்தான். அந்தச் செலவும் அலைச்சலும் வீண் என்று நினைக்காதீர்கள்.

நொய்யல்கரை எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், ஆர்டர் நெருக்கடியில் இரவு எட்டரை வரை ஓவர்டைம்.

மறுநாளே முதல் டாக்டரிடம் போனேன். அட்டை, அதிமதுர டப்பா, எக்ஸ்ரே எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். கசிவைப் பற்றித் தாளில் எழுதியே கொடுத்தேன், தேரிக்காட்டு அக்காவுக்கு நன்றி. அவர் படித்துவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. "இருமல் வந்தால் என்னிடம் வாருங்கள் என்று மாத்திரை ஆரம்பித்த அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். எனக்குக் கோபம் இருந்தது, அதைக் கேட்டதும் போய்விட்டது. டெல்மிசார்டன் 40 எழுதினார். மருந்துச்சீட்டு ஐயா சொன்னதை அதிமதுரம் விஷயத்தில் அவரும் அப்படியே சொன்னார். பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் 3.3 இருந்தது, கொஞ்சம் குறைவு, அது அதிமதுரத்தால் இருக்கலாம் என்றார். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்ததில் 4.2. இந்த மாத்திரையில் பொட்டாசியம் கூடவும் கூடும் என்பதால், கடைகளில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை அவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம் என்றார். அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்களாம். நான் வாங்க நினைத்திருந்தேன், நல்லவேளை.

முதல் பத்து நாள் ஒரு மாற்றமும் இல்லை. ஐயா முன்னாலேயே எழுதியிருந்ததால் பொறுத்திருந்தேன், இல்லாவிட்டால் விட்டிருப்பேன். பன்னிரண்டாம் நாள் இரவு ஒரே ஒரு தடவைதான் எழுந்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து படுத்தே தூங்குகிறேன். இப்போது சமையலில் தாளிக்கும் நெடிக்குத்தான் இருமல் வருகிறது, அது எல்லோருக்கும் வருவதுதானே. பிரஷர் நேற்று 128/82.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "இத்தனை நாள் தனியாகவா வைத்துக்கொண்டிருந்தாய்" என்று கேட்டார். பயிற்சி செய்கிறேன், கசிவு நன்றாகக் குறைந்திருக்கிறது. மாற்றுத் துணி இன்னும் பையில் இருக்கிறது, ஆனால் இந்த வாரம் எடுக்கவில்லை.

டாக்டர் என் சீட்டின் மேல் சிவப்பு மையில் "ராமிப்ரில் வகை ஒத்துக்கொள்ளாது, இருமல்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை போனில் படம் எடுத்து மகளுக்கும் அனுப்பிவைத்தேன். அவள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். எனக்கு எங்காவது அவசரமாகச் சேர்க்க வேண்டி வந்தால் அவள்தான் சொல்ல வேண்டும். அந்த டேபிள் அக்காவுக்கு சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தேன். அவருக்கே இப்போது பிரஷர் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். அட்டையைக் கொண்டுவரச் சொல்லி டேபிளில் வைத்துச் சேர்ந்து படித்தோம். அம்லோடிபின்.